பின்னால் கூப்பிடாத நாய்

அந்தக் காலத்தில் வீட்டில் வளர்கிற உயிர்களெல்லாம் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்தன. அதனால் பெரிய நன்மை விளைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கோழி ஒரு முட்டை இட்டுவிட்டால் ஊர் பூராவும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்து தண்ணீர் குடிக்கும். மாடு உழுதுகொண்டே வெயிலைப் பற்றிக் குறை சொல்லும். நாய் மட்டும் அளவாகப் பேசும். கேட்டால் பதில் சொல்லும், கேட்காவிட்டால் சும்மா படுத்திருக்கும். குரைப்பது என்கிற ஒன்று அதற்கு அப்போது தெரியவே தெரியாது.

அப்படிப்பட்ட ஒரு நாய் காட்டாற்றங்கரையில் ஒரு குடிசையில் இருந்தது. அதன் பெயர் சாம்பி. அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர். குடிசைக்காரர்கள் கொம்பையாவும் அவர் மனைவி இருளாயியும். பிள்ளைகள் இல்லை. சாம்பி அவர்களை ஐயா, ஆத்தா என்று கூப்பிடும். அவர்களும் அது அப்படிக் கூப்பிடுவதை விரும்பினார்கள்.

ஒரு நாள் காலையில் கொம்பையா ஒரு சோடி மாடு பார்க்கப் பக்கத்து ஊருக்குக் கிளம்பினார். வாசலில் மறைப்பாக வைத்திருந்த முள்படலை விலக்கிக்கொண்டு பத்தடி நடந்திருப்பார். தண்ணீர்க் குடுக்கை திண்டின் மேலேயே இருப்பதைச் சாம்பி பார்த்துவிட்டது.

"ஐயா, நில்லுங்க. குடுக்கையை மறந்துட்டீக" என்று கூப்பிட்டது.

கொம்பையா நின்றார். கிளம்பிப் போகிற ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது இன்றைக்கு இருப்பதுபோல் அன்றைக்கும் இருந்த வழக்கம்தான். கூப்பிட்டுவிட்டால் திரும்பி வந்து, கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் புறப்பட வேண்டும். கொம்பையா அப்படியே செய்தார். நாயைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனாலும் அன்று மத்தியானம் அவர் வலது காலில் கருவேல முள் ஏறி, உள்ளேயே ஒடிந்துவிட்டது. கால் பூசணி மாதிரி வீங்கியது. இரண்டு மாதம் படுத்த படுக்கை. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தும் அவர்கள் நிலத்தில் விதை விழவில்லை. எழுந்து நடந்தபோது கால் விந்தி விந்திதான் வந்தது.

இருளாயி யாரைக் குற்றம் சொல்வாள்? முள்ளைச் சொல்ல முடியாது. புருஷனைச் சொல்ல மனசு வராது. அவள் சாம்பியைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள்.

"அந்தக் காலு உன் வாயாலதான் வீங்குச்சு. தெரியுமா உனக்கு?"

"குடுக்கை இல்லாம வெயில்ல தவிப்பாகளேன்னு கூப்பிட்டேன் ஆத்தா."

"தவிச்சா ஒரு நேரத்துத் தவிப்பு. இப்ப வருஷம் பூராத் தவிக்கோம். இனிமே நாங்க படலைத் தாண்டிட்டா நீ வாயத் தொறக்கக் கூடாது. தலை போற காரியமா இருந்தாலும் கூப்பிடக் கூடாது. எந் தலையில கை வச்சுச் சொல்லு."

சாம்பி எழுந்து தன் முன்னங்காலை அவள் உச்சந்தலையில் வைத்து, "கூப்பிட மாட்டேன்" என்றது. அவள் தலை குளிர்ந்திருந்தது, அப்போதுதான் குளித்திருந்தாள். கேட்டதைக் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் சாம்பி வாலை ஆட்டியது. நான் இந்த இடத்தில் இருளாயியைத் திட்ட மாட்டேன். அவள் பயந்திருந்தாள், அவ்வளவுதான்.

நிலத்தில் விளைச்சல் இல்லாததால் அந்தக் கோடையில் ஆற்று மணலில் வெள்ளரி போட்டார்கள். வருஷத்தில் பத்து மாதம் அந்த ஆறு மணலாகத்தான் கிடக்கும். ஊற்றுத் தோண்டி, குடம் குடமாகத் தண்ணீர் மொண்டு ஊற்றி வளர்த்தார்கள். ஆற்றின் அக்கரையோரம் கொடி பச்சையாகப் படர்ந்து பிஞ்சு பிடித்தது. அந்தப் பிஞ்சுகளை நம்பித்தான் அவர்கள் வீட்டு உலையே இருந்தது.

பறிக்கிற நாள் வந்தது. விடிந்ததும் இருவரும் கூடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. மேற்கே மலையில் இரண்டு நாளாகக் கோடை மழை கொட்டியது இங்கே யாருக்கும் தெரியாது. அவர்கள் படலைத் தாண்டினார்கள். சாம்பி வழக்கம்போல் வாசலில் தலையைத் தரையில் வைத்துப் படுத்தது. அப்போது அதன் காதில் ஒரு சத்தம் கேட்டது. ரொம்பத் தூரத்தில் ஆயிரம் மாடுகள் சேர்ந்து நடந்து வருவது போல் மண்ணுக்கடியில் ஓர் அதிர்வு. தண்ணீர் வருகிறது என்று அதற்கு உடனே புரிந்துவிட்டது.

எழுந்து நின்று வாயைத் திறந்தது. அந்தக் குளிர்ந்த உச்சந்தலை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டது.

அவர்களாகத் திரும்பிப் பார்த்தால் போதும், பார்க்கிறவர்களிடம் சொல்வது கூப்பிடுவது ஆகாது என்று நினைத்தது. இரண்டு பேருடைய பிடரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றது. ஒருவரும் திரும்பவில்லை. கொம்பையா விந்தி விந்தி முன்னால் நடந்தார். இருளாயி ஏதோ சொல்ல, அவர் சிரித்தார்.

பிறகு அதற்கு இன்னொரு யோசனை வந்தது. பின்னாலிருந்து கூப்பிடுவதுதானே தப்பு, முன்னால் போய் நின்று சொன்னால் தப்பில்லையே. பாவம், சத்தியமும் கெடக் கூடாது, ஆட்களும் பிழைக்க வேண்டும் என்று அந்த வாயில்லாத ஜீவன், அன்றைக்கு வாயிருந்த ஜீவன், கணக்குப் போட்டது. அவர்கள் போன பாதையை விட்டுவிட்டு, மேல்கரை வழியாக முள்ளுக்குள் புகுந்து ஓடியது. மேலே ஓரிடத்தில் குறுக்கே பாறைகள் கிடக்கும். அதைத் தாண்டி அக்கரைக்குப் போய் அவர்களுக்கு எதிரே வந்துவிடலாம் என்று ஓடியது. நேரே ஓடியிருந்தால் எட்டிப் பிடித்திருக்கும். சுற்றி ஓடியதில் நேரம் போய்விட்டது.

அது பாறை மேல் ஏறும்போது ஆற்று வளைவில் தண்ணீர் திரும்பியது. நுரையும் சருகும் பிடுங்கிய மரமுமாக ஆள் உயரத்துக்கு வந்தது. கொம்பையா நடு மணலில் இருந்தார். இருளாயியின் தலைச் சும்மாடு அவிழ்ந்துவிட்டதால் அதைச் சுற்றிக்கொண்டு இன்னும் இக்கரைச் சரிவிலேயே நின்றாள்.

"ஐயா, ஓடுங்க" என்று சாம்பி கத்தியது. அதற்குள் தண்ணீரின் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிட்டது. கொம்பையா தானாகவே பார்த்து ஓடத்தான் செய்தார். அந்தக் கால் எவ்வளவு தூரம் ஓடும்? இருளாயி கூடையைப் போட்டுவிட்டு அவரை நோக்கி இறங்கினாள். தண்ணீர் அவளைக் கரையோரத்து மருத மரத்தின் வேரில் கொண்டுபோய் ஒதுக்கியது. அவரை ஒதுக்கவில்லை.

தண்ணீர் கொஞ்சம் தணிந்தபோது அவள் வேரைப் பிடித்தபடி கரையில் உட்கார்ந்திருந்தாள். பாறையிலிருந்து இக்கரைக்கே தாவித் தப்பிய சாம்பி, உடம்பெல்லாம் முள் கிழித்த ரத்தத்தோடு வந்து அவள் பக்கத்தில் நின்றது. அவள் அதைப் பார்த்துக் கேட்டாள்.

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு ஆத்தா."

"எப்ப கேட்டுச்சு?"

"நீங்க படலைத் தாண்டவுமே கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

சாம்பி அவள் உச்சந்தலையை ஒரு தடவை பார்த்தது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் இருளாயியின் கை தானாகவே மேலே போய் அவளுடைய உச்சந்தலையைத் தொட்டது. அங்கேயே இருந்தது. அதன் பிறகு அவள் அழுத அழுகையை அக்கரையில் இருந்தவர்களும் கேட்டார்கள்.

அன்று பகலிலேயே சாம்பி கரைமேல் ஏறி நின்று கூப்பிடத் தொடங்கியது. "ஐயா, திரும்புங்க. ஐயா, திரும்புங்க." காலையில் சொல்லியிருக்க வேண்டிய சொற்களை அப்போது சொன்னது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள், சோறு தண்ணி இல்லாமல் சொன்னது. முதலில் 'திரும்புங்க' தேய்ந்து போனது. பிறகு 'ஐயா'வும் போனது. நாலாம் நாள் ஊர்க்காரர்கள் கீழாற்றில் கொம்பையாவின் உடலைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தபோது, சாம்பியின் தொண்டையில் ஒரே ஒரு கரடுமுரடான சத்தம்தான் மிச்சம் இருந்தது. அந்தச் சத்தத்துக்குக் குரைப்பு என்று ஊர்க்காரர்கள் பிற்பாடுதான் பெயர் வைத்தார்கள்.

காரியம் முடிந்து இருளாயி கூலிவேலைக்குப் போக வேண்டியிருந்தது. அவள் படலைத் தாண்டினாளோ இல்லையோ, சாம்பி குரைத்தது. அவள் கண்ணுக்கு மறைந்த பிறகும் விடவில்லை, பொழுது சாய்ந்து திரும்புகிற வரைக்கும் குரைத்தது. பக்கத்துக் குடிசை ஒச்சம்மாள் கைப்பிள்ளைக்காரி. நாலு நாள் பொறுத்தாள், ஐந்தாம் நாள் வந்துவிட்டாள்.

"ஏ இருளாயி, நீ களையெடுக்கப் போனா திரும்பி வார வரைக்கும் ஒரே கத்து. எம் புள்ளை கண்ணு மூட மாட்டேங்குது. அதக் கட்டிப் போட்டு நாலு போடு போடு, அடங்கும்."

"அடிக்க மாட்டேன் மதினி" என்றாள் இருளாயி. "ஒரு தடவை வாயக் கட்டுனது போதும். நான் பார்த்துக்கிடுதேன். கொஞ்ச நாளு பொறுத்துக்க."

மறுநாளிலிருந்து அவள் வேலைக்குக் கிளம்பும் முன்னால் சும்மாவே படல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். வந்து சாம்பியின் தலையைத் தடவினாள். அப்புறம் கிணறு வரைக்கும் போய் வந்தாள். அப்புறம் களத்துமேடு வரைக்கும். தான் உடுத்திக் கழித்த சேலையைக் கிழித்து அது படுக்கிற இடத்தில் விரித்துவைத்தாள். போனவள் வருவாள் என்று அதற்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினாள். ஒரு மாதத்தில் சாம்பி பகல் முழுக்கக் குரைப்பதை விட்டுவிட்டு அந்தச் சேலையில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. ஒச்சம்மாளின் பிள்ளையும் தூங்கியது.

ஆனால் அவள் படலைத் தாண்டும்போது குரைக்கிற அந்த முதல் குரைப்பை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. இருளாயி நிறுத்தப் பார்க்கவும் இல்லை. ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டதும் நின்று, திரும்பி, அதன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் நடந்தாள். ஒச்சம்மாளுக்கு இது ஆச்சரியம்.

"போறவுகளைப் பின்னால கூப்பிட்டா ஆகாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவியே, இப்ப நீயே நின்னு திரும்புதியே?"

"கூப்பிட்டா என்ன ஆகும்னும் பார்த்துட்டேன், கூப்பிடாட்டா என்ன ஆகும்னும் பார்த்துட்டேன் மதினி" என்று சொல்லிவிட்டு இருளாயி வேலைக்குப் போனாள்.

அடுத்த மழைக்காலத்தில் சாம்பி நாலு குட்டி போட்டது. குட்டிகள் தாயிடம் பேச்சு என்ற ஒன்றையே கேட்டதில்லை, அந்த ஒற்றைச் சத்தத்தைத்தான் கேட்டு வளர்ந்தன. அவற்றின் குட்டிகளுக்கும் அதுவே வாய்த்தது. நாய்க்குப் பேச்சு போனதும், வீட்டு ஆட்கள் வாசலைத் தாண்டியதும் அது குரைக்க ஆரம்பிப்பதும் அன்று முதல்தான். கிளம்புகிறவரை மனிதர்கள் இன்றும் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. நாய் கூப்பிடாமல் விடுவதில்லை.