கோகிலவாணியின் குட்டி லேத்து

கோயமுத்தூரில் பெரிய பட்டறைக்கு முதலாளி நஞ்சப்பன். ஆனால் ஒரு மெஷினையும் தொட்டு ஓட்டியவரில்லை. மருமகள் கோகிலவாணி சமையலறைக்குப் பின்னால் ஆசையாக வைத்திருந்த, இரும்பு கடையும் குட்டி லேத்தைக் கண்டாலே அவருக்குச் சிரிப்பு வரும்.

ஒருநாள் ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த சொந்தக்காரர்கள் முன்னால், விரல் தடிமனான ஸ்பிரிங் எஃகுத் துண்டை அவளிடம் நீட்டினார். "அம்மிணி, இதுல ஒரு ஆணி கடைஞ்சு காட்டு. நாளைக்குள்ள முடியலைன்னா இந்தப் பொம்மை பழைய இரும்புக் கடைக்குப் போயிரும்."

"சரிங்க மாமா," என்று லேத்தில் மாட்டினாள். உளி கிறீச்சிட்டு மழுங்கியது. எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குக் காது சிவந்தது.

அன்று மாலையே துண்டைக் கரியடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்தாள். மெல்ல மெல்ல ஆறிய எஃகு, காலையில் இளகிக் கிடந்தது. அவசரப்படாமல் கடைந்தாள், சுருள் சுருளாக உதிர்ந்தது.

நஞ்சப்பன் அந்த ஆணியை அரத்தால் தேய்த்தார். துகள் கொட்டியது. "வேற இரும்பை மாத்திட்ட அம்மிணி!"

அவள் ஆணியை மறுபடி பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கிக் கொடுத்தாள். இப்போது ஆணி பழையபடி இறுகி, அரம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இத்தனை கெட்டி இரும்பு அதெப்படி இளகுச்சு?" என்றார்.

"நீங்க கோவமா இருக்கறப்ப நான் எதாச்சும் கேப்பனுங்களா மாமா? ஆறவிட்டுத்தானுங்களே கேப்பேன்."

வீடே சிரித்தது, அவரும்தான்.

அடுத்த வாரம், தன் பட்டறையில் மூன்று உளிகளை முறித்த எஃகுத் துண்டு ஒன்றை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு, வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்துப் புழக்கடை வழியாக மருமகளின் லேத்து முன்னால் வந்து நின்றார் நஞ்சப்பன்.