கரித்தூளின் ஒன்பதாவது ஆல்பம்

“இருபத்தேழு வருஷமா கத்திக்கிட்டு இருக்கேன் அமுலு. இந்தத் தடவ கத்துனது எனக்கே உறைக்கல. ஏன்னு நீதான் சொல்லணும்” என்றார் ரெஜினால்ட்.

அமுலு டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

ரெஜினால்டுக்கு ஐம்பத்து மூன்று வயது. கரித்தூள் என்ற மெட்டல் குழுவின் பாடகர். பாடகர் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். மைக்கைப் பிடித்தால் அடிவயிற்றிலிருந்து உறுமல்தான் வரும். கூடவே கிட்டார், டிரம்ஸ், ஆலை இயந்திரங்களின் இரைச்சல். எட்டு ஆல்பம் போட்டாகிவிட்டது. எட்டிலும் அரசாங்கத்தைத் திட்டியிருந்தார்கள். அரசாங்கங்கள் மாறின, திட்டு மாறவில்லை.

ஒன்பதாவது ஆல்பம், பிரஸ் மிஷினில் விரல் போனவர்களைப் பற்றியது. தகட்டை அடித்து கார் பாகங்கள் செய்கிற மிஷின் அது. அம்பத்தூரில் அமுலு வேலை செய்கிற பட்டறைக்கே வந்து, அவள் மிஷின் ஓடும் சத்தத்தை ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்துகொண்டு போனார்கள். அனுமதி கொடுத்தது முதலாளியின் மகன். கரித்தூளின் பரம ரசிகன். பாட்டில் திட்டு வாங்கப்போவது தன் அப்பா என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, பாவம்.

அமுலுவுக்கு நாற்பது இருக்கும். பத்தொன்பது வருடமாகப் பிரஸ்ஸில் நிற்கிறாள், பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. அவளிடம் வேலை பழகிய பதினாலு பேருக்கும் அப்படியே. அந்தத் தொழிற்பேட்டையில் இதைச் சொன்னால் சட்டென்று நம்பமாட்டார்கள். அதனால்தான் ரெஜினால்ட் தன்னைவிடச் சின்னவளைத் தேடி வந்து, சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“பாட்டு நல்லா இல்லன்னு யார்னா சொன்னாங்களா?” என்று கேட்டாள்.

“அப்படிச் சொன்னா தேவலயே. எல்லாரும் சூப்பர்ன்றாங்க. விரல் போன ஆளுங்க ஆறு பேர உக்கார வெச்சுப் போட்டுக் காட்டினேன். கடைசி வரைக்கும் மரியாதையாக் கேட்டாங்க. முடிஞ்சதும் ஒருத்தர், படம் எப்ப ரிலீசுன்னாரு.”

அமுலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அடக்கவும் இல்லை.

“திங்கக்கிழம வெளியிடணும். எனக்கு மனசு வரல. இதுல உசுரு இல்ல. ஆல்பமும் வேணாம், பேண்டும் வேணாம், அவங்கவங்க வீட்டுக்குப் போவோம்னு நாலு பேரும் பேசி வெச்சிட்டோம்.”

இருபத்தாறு வயதிலிருந்து அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

“குடுங்க, கேப்போம்.”

அமுலு ஹெட்போனை மாட்டிக்கொண்டு சாப்பிட்டாள். நாலு வாய் உள்ளே போவதற்குள் கழற்றிவிட்டாள்.

“யாரு ஓட்டுறது இத?”

“நீதாம்மா. அன்னைக்கு நீ ஓட்டினதுதான்.”

“நா இல்ல.”

“உன் மிஷின் அமுலு. நானே பக்கத்துல நின்னு எடுத்தேன்.”

“மிஷினு என்னுதுதா. ஓட்டுறது நா இல்ல.”

ரெஜினால்டுக்குச் சுருக்கென்றது. ஆறுதல் கேட்டு வந்தால் இவள் திருட்டுக் கேஸ் விசாரிக்கிறாளே என்று நினைத்தார்.

மணி அடித்தது. அமுலு டப்பாவைக் கழுவி மூடினாள்.

“உள்ள வாங்கண்ணா.”

பட்டறைக்குள் எட்டு மிஷின்கள் ஓடத் தொடங்கின. அமுலு அவரை அவற்றுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தாள். கண்ணை மூடச் சொன்னாள். காதருகே வந்து கத்தினாள்.

“இன்னா கேக்குது?”

“எட்டு மிஷின்.”

“யாரு யாரு?”

“அது எப்படித் தெரியும்?”

அமுலுவும் திரும்பி நின்றுகொண்டாள். “ரெண்டாவது செண்பகவல்லி. தோள்பட்ட வலி, தகட்ட எடுக்க லேட்டாவுது. நாலாவது இஸ்மாயிலு. அவசரக்காரன், ஆனா கை சுத்தம். ஏழாவது…”

ஏழாவதில் பேச்சு நின்றது. அமுலு தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு விறுவிறுவென்று நடந்து போய் ஏழாவது மிஷினின் சுவிட்சை அணைத்தாள்.

அதில் நின்றவர் ஒடிசாவிலிருந்து வந்த திபாகர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஒன்றும் புரியாமல் பார்த்தார். தண்ணீர் குடித்துவிட்டு வரும்படி அமுலு சைகை காட்டினாள். கண்ணாடி அறையிலிருந்து சூப்பர்வைசர் எழுந்து நின்று மணிக்கு இத்தனை உருப்படி என்று ஏதோ கத்தினார். அமுலு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“என்ன ஆச்சு?” என்றார் ரெஜினால்ட்.

“கை உள்ள இருக்கும்போதே அவருக்குக் கால் பெடலுக்குப் போவுது. இன்னும் நாலு தகடு அடிச்சிருந்தா விரல் போயிருக்கும்.”

“பாக்காமலே எப்படிச் சொல்ற?”

“ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுலதா கை உள்ள போவுது. தகட்ட வெக்குது, வெளிய வருது. அப்புறந்தா பெடலு. மிஷினு அடிக்கிறத நா கேக்கறதே இல்லண்ணா. அது சும்மா இருக்கிற நேரத்ததா கேக்கறேன். ஒவ்வொரு கைக்கும் ஒரு நேரம். அவருது அடிக்கு அடி கொறஞ்சிக்கிட்டே வந்துச்சு.”

ரெஜினால்ட் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க பாட்டுல அந்த நேரமே இல்ல. அதுல எவன் கை வெச்சாலும் போச்சு.”

வெளியே வந்ததும் அவர் டிரம்ஸ் வாசிக்கும் தயாளனுக்குப் போன் போட்டார்.

“அன்னைக்குப் பட்டறையில எடுத்தோமே, அது எடுத்தபடியே இருக்கா?”

“இருக்கு. ஆனா பூரா கோணல்டா. ஒரு அடி சீக்கிரம் விழும், ஒண்ணு லேட்டா விழும். பதினோரு நாள் கம்ப்யூட்டர்ல உக்காந்து ஒவ்வொண்ணா இழுத்துத் தாளத்துல நிக்க வெச்சேன்.”

“தெரியும். பதினோரு நாளும் உனக்கு டீ வாங்கிக் குடுத்தவன் நான்தான். நீ நிக்க வெச்சதத் தூக்கிப் போடு.”

“அப்ப நான் எத வெச்சுடா வாசிக்கிறது?”

“வர்றேன் இரு.”

திங்கட்கிழமை வந்து போயிற்று. ஆல்பம் வரவில்லை. ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். திட்டு வாங்குவது கரித்தூளுக்குப் புது அனுபவம்.

பெரம்பூரில் அவர்கள் பயிற்சி செய்யும் அறையில், நாலு பேரும் ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி நின்றார்கள். அமுலுவின் மிஷின் ஓடியது. முதல் நாள் ஒரு வரிகூட ஒட்டவில்லை. கிட்டார் முந்தியது, டிரம்ஸ் அதை முந்தியது. நாலு பேரும் சின்னப் பிள்ளைகளைப் போலச் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

மூன்றாம் நாள் பாதிப் பாட்டு வரை தாண்டினார்கள்.

அங்கே ஓர் இடத்தில் மிஷின் அடிக்கவில்லை. பதிவு செய்த அன்று தகடு உள்ளே சிக்கியிருக்க வேண்டும். வழக்கத்தைவிட நீண்டுகொண்டே போன அமைதி. கம்ப்யூட்டரில் தயாளன் முதலில் வெட்டி எறிந்தது அதைத்தான்.

ரெஜினால்ட் உறுமுவதற்குத் திறந்த வாயை மூடவில்லை. எத்தனையோ வருடம் கழித்து அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அந்தப் பயத்தில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

தயாளனின் இரண்டு குச்சிகளும் தலைக்கு மேலே தூக்கியபடி இருந்தன.

“கை வெளிய வந்துடுச்சாடா?” என்று கிசுகிசுத்தார்.

ரெஜினால்ட் கண்ணை மூடிக் கேட்டார்.

“இன்னும் இல்ல. வரட்டும்.”