வண்டியோடு வந்த சாமான்

ஏற்காடு மலையிலிருந்து கீழே இறங்கக் கிளம்பிய பழைய மோட்டார் சைக்கிள் ஊர்வலத்தில், மெக்கானிக் சகாயமேரியை மட்டும் மறித்துவிட்டார் சங்கத் தலைவர் விஸ்வேஸ்வரன்.

"ஐம்பத்தாறாம் வருஷத்து வண்டிக்கு டிஸ்க் பிரேக்கா? வண்டியோட வராத சாமான் எதுவும் இங்க ஓடக்கூடாது. கழட்டிப் போட்டுட்டுப் பழைய பிரேக்கோட இறங்கு. நாற்பது வருஷமா நான் இறங்கலையா?"

அவர் வண்டிக்குப் பின்னால் தார் ரோட்டில் இரண்டு கறுப்புக் கோடுகள் நீளமாகக் கிடந்தன. சகாயமேரி அவற்றைப் பார்த்துக்கொண்டே ஸ்பானரை எடுத்தாள்.

"கழட்டிடறேங்க ஐயா. நீங்க இறங்குற மாதிரியே இறங்கணும், அவ்வளவுதானே? அப்போ உங்க பூட்ஸையும் குடுங்க."

தலைவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கூடியிருந்தவர்கள் விடுவார்களா? கழற்ற வைத்தார்கள். அவள் அதைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் லாரி டயர் ரப்பரை வைத்து ஆணி அடித்திருந்தது. அதுவும் பாதி தேய்ந்து போயிருந்தது. வளைவுக்கு வளைவு காலைத் தரையில் தேய்த்துத்தான் மனுஷன் வண்டியை நிறுத்தியிருக்கிறார்!

சிரிப்பு அடங்கவே இல்லை. "நேரமாச்சு, பூட்ஸைக் குடும்மா," என்று கையை நீட்டினார் தலைவர்.

சகாயமேரி டிஸ்க் பிரேக்கைக் கழற்றாமலே ஸ்பானரைப் பையில் போட்டாள். பூட்ஸைத் தன் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்துக் கிளப்பினாள்.

"இது வண்டியோட வந்த சாமானாங்க ஐயா? வெறுங்காலோட இறங்கி வாங்க, கீழ குடுக்கறேன்."