வாத்தியார் வாங்கிய மிலிட்டரி லாரி

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு அறுபத்து மூன்று. கணக்கு தலைகீழாக இருக்கிறதே என்று ஊரில் சிலர் கேட்டார்கள். சீடரே கணக்கு வாத்தியார் என்பதால் அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

குருவின் பெயர் ஜரீனா. வேலூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் டீசல் பம்பு பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். சீடர் முனிரத்தினம், அரசுப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாத அந்த மனிதர், ராணுவம் கழித்துக்கட்டி ஏலம் விட்ட, ஓடாத லாரி ஒன்றை வாங்கி, கட்டி இழுத்து வரச் செய்து வீட்டை ஒட்டிய காலி மனையில் நிறுத்தினார். வாத்தியாருக்கு மூளை குழம்பிவிட்டது என்று தெருவில் முடிவு கட்டினார்கள்.

மூளையெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. அவருடைய ஒரே மகன் தயாளன் ராணுவத்தில் இதே மாதிரி லாரிதான் ஓட்டினான். மலைப்பாதையில் ஒரு விபத்து. கூட இருந்த பல்தேவ் என்கிற சிநேகிதன் இறந்துபோனான். பனிச்சறுக்கல் என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். தயாளனுக்கு உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவன், பதினான்கு மாதமாக "ம்", "வேணாம்", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. தாய் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்ட வீடு. மகன் இப்படியே கரைந்து போய்விடுவான் என்று வாத்தியார் பயந்தார். அந்த லாரியைப் பார்த்தாலாவது வாயைத் திறக்க மாட்டானா என்று ஏங்கினார்.

தயாளன் தன் அறை ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தான். அவ்வளவுதான்.

வாத்தியார் விடவில்லை. தானே அதை ஓட வைத்துக் காட்டுவது என்று ஜரீனாவிடம் போய்ச் சேர்ந்தார். முதலில் கேலிக்குத்தான் "குருவே" என்று கூப்பிட்டார். ஒரு மாதத்தில் அது நிஜமாகிவிட்டது.

அவர் படித்த விதம் விசித்திரமானது. பட்டறையின் மூலையில் ஒரு பழைய இன்ஜின் கிடந்தது. எந்த வேலையானாலும் முதலில் அதில் நாலு தடவை செய்து பார்ப்பார். தப்பெல்லாம் அங்கேயே தீர்ந்த பிறகு வீட்டுக்குப் போய், மகனுடைய ஜன்னலுக்கு எதிரே, ஒரே தடவையில் கச்சிதமாகச் செய்து முடிப்பார். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். மறுநாள் கணக்கை முந்தின நாளே வீட்டில் போட்டுப் பார்த்துவிடுவார். முப்பத்தோரு வருடத்தில் கரும்பலகையில் அவர் ஒரு வரியை அழித்துத் திருத்தியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

மூன்று மாதத்தில் டேங்க் சுத்தமானது. டீசல் குழாய்கள் புதிதாயின. பம்பை ஜரீனாவே பிரித்து மாட்டிக் கொடுத்தார். இனி இன்ஜினைக் கிளப்ப வேண்டியதுதான் பாக்கி.

அன்று சீடர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"குருவே, ஒரு சந்தேகம்."

"கேளுங்க சார்."

"வண்டி ஓடிடும். அது தெரியுது. அவன் பேசுவானா?"

ஜரீனா கையிலிருந்த, டீசல் தெளிக்கும் நாசிலைத் துணியில் துடைத்தார்.

"எல்லாம் கேட்டுப் பாத்துட்டேம்மா. என்ன நடந்துச்சு, எங்க நடந்துச்சு, ஏன் வேலைய விட்ட. தினமும் கேக்கறேன். ஒரு மனுஷன எப்படித்தான் பேச வைக்கிறது?"

"நாளைக்குக் காலையில ஸ்டார்ட் பண்ணிடுங்க."

"பண்றேன். டீசல் லைன்ல காத்து இருக்கும்னு சொன்னீங்களே, அத எடுக்கறது எப்படின்னு இந்தப் பழைய இன்ஜின்ல ஒரு தடவ காட்டிடுங்க."

"காட்ட மாட்டேன்."

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார்.

"வாயால சொல்றேன். பில்டர் தலையில ஒரு சின்னத் திருகு இருக்கு. அதத் தளர்த்திட்டு, பம்புல இருக்கற பிடியக் கையால அடிங்க. நுரையா டீசல் வரும். நுரை நின்னதும் திருக முடுக்குங்க. அப்புறம் செல்ஃப் அடிங்க."

"இங்க ஒரு தடவ செஞ்சு பாத்துட்டா..."

"வேண்டாம்."

"நீங்களாவது கூட வருவீங்களா?"

"வரல."

"தப்பாயிடுச்சுன்னா?"

"ஆகட்டும்."

"அவன் ஜன்னல்ல நின்னு பாப்பான்மா."

"பாக்கட்டும் சார்."

வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் சைக்கிளை எடுத்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெள்ளைச் சட்டையும், குரு சொன்னதையெல்லாம் எழுதி வைத்த நோட்டுப் புத்தகமுமாக லாரியிடம் போனார். திருகைத் தளர்த்தினார். பம்பை எத்தனை தடவை அடிப்பது என்று குரு சொல்லவில்லையே என்று யோசித்து, நாற்பது போதும் என்று தாமே தீர்மானித்தார். எண்ணிக்கொண்டே அடித்தார். நாற்பதானதும் திருகை முடுக்கிவிட்டு, மேலே ஏறிச் செல்ஃப் அடித்தார். இன்ஜின் சுற்றியது, கிளம்பவில்லை.

மறுபடியும் இறங்கினார். மறுபடியும் நாற்பது. மறுபடியும் செல்ஃப். நோட்டைப் புரட்டினார். நோட்டில் இதற்கு விடை இல்லை. மூன்றாவது தடவை அவசரத்தில் திருகு முழுதாகக் கழன்று மண்ணில் விழுந்தது. அதைக் கவனிக்காமல் பம்பை அழுத்தியதும் டீசல் பீய்ச்சி முகத்திலும் மூக்குக்கண்ணாடியிலும் சட்டையிலும் அடித்தது. முட்டி போட்டுக்கொண்டு திருகைத் தேடினார். தெருவில் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவமானமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பவே அவருக்குத் தைரியம் வரவில்லை.

திருகை மாட்டிவிட்டு மறுபடியும் போய் உட்கார்ந்து செல்ஃப் அடித்தார். சத்தம் இழுத்து இழுத்து ஓய்ந்தது. விடாமல் அடித்தார்.

"போதும்பா. செல்ஃப் அடிக்காதீங்க."

தயாளன் வெறுங்காலோடு லாரியின் பக்கத்தில் நின்றான்.

"ஏர் இன்னும் இருக்கு. எறங்குங்க."

வாத்தியார் இறங்கினார். தயாளன் ஸ்பேனரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"எத்தன தடவ அடிச்சீங்க?"

"நாப்பது."

"எண்ணக் கூடாதுப்பா. நுரையப் பாக்கணும். நீங்க அடிங்க, நான் திருகப் பாத்துக்கறேன்."

அவர் அடித்தார். அவன் திருகில் கை வைத்துக் குனிந்திருந்தான். புஸ் புஸ் என்று நுரை வந்துகொண்டே இருந்தது.

"இன்னும் வருதா?"

"வருது. அடிங்க."

அவர் எண்ணாமல் அடித்துக்கொண்டே இருந்தார். பிறகு தயாளன், திருகைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"நான் கட்டை போடலப்பா."

வாத்தியாரின் கை நின்றது.

"நிறுத்தாதீங்க. காத்து இழுத்துடும்."

அவர் அடித்தார்.

"ஏத்தத்துல நிறுத்தினேன். பனி. டயருக்குச் சங்கிலி மாட்டணும். பல்தேவ் சங்கிலிய எடுக்கப் பின்னால போனான். டயருக்கு அடியில கட்டை போட வேண்டியது என் வேல. மறந்துட்டேன். வண்டி பின்னால உருண்டுடுச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "பனின்னு எழுதிட்டாங்க. நானும் ஆமான்னு கையெழுத்து போட்டுட்டேன்."

வாத்தியாரிடம் சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. உன் மேல் தப்பில்லை என்று ஆரம்பிக்கலாம். மறதி யாருக்கும் வரும் என்று விளக்கலாம். வாயைத் திறந்தார். டீசல் நாற்றமடிக்கும் சட்டையும் மண் ஒட்டிய முட்டியுமாகத் தாம் நிற்பது அவருக்கே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு பம்பை அடித்தார். கண்ணாடிக்கு உள்ளே கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக் கையை எடுத்தால் காற்று இழுத்துவிடும் என்று அவர் எடுக்கவில்லை.

தயாளனும் அழுதான். திருகைப் பிடித்த கையை அவனும் எடுக்கவில்லை.

கடைசியில் நுரை நின்றது. டீசல் தெளிவாக, கம்பி மாதிரி வழிந்தது. தயாளன் திருகை முடுக்கினான். முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறிச் சாவியைத் திருப்பினான். டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"பேட்டரியக் கொன்னுட்டீங்க" என்றான்.

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அப்படிச் சொன்னபோது மகன் லேசாகச் சிரித்ததை அவர் கேட்டுவிட்டார்.

மத்தியானம் ஒரு ஆட்டோ பட்டறை வாசலில் வந்து நின்றது. தயாளன் லாரியின் இரண்டு பேட்டரிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். எங்கே வைக்கட்டும் என்று கேட்டு, சார்ஜ் போடும் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, இரண்டாவதை எடுக்க வெளியே வந்தான்.

வாத்தியார் இன்னும் அதே சட்டையோடு இருந்தார். ஜரீனா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கிளம்பலயா சார்?"

"கிளம்பல."

"சார்ஜ் ஏத்திட்டா நாளைக்குக் கிளம்பிடும்."

வாத்தியார் வாசலைப் பார்த்தார். ஆட்டோக்காரரிடம் தயாளன் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். பேட்டரியை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்கிறான் போலிருக்கிறது.

"குருவே, எல்லாத்தையும் நாலு தடவ காட்டிக் குடுத்தீங்க. இத மட்டும் ஏன் காட்டல?"

ஜரீனா பேட்டரியின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே கேட்டார்.

"உங்க பையன் உங்க வகுப்புலதான் படிச்சாரா சார்?"

"அஞ்சு வருஷம்."

"அந்த அஞ்சு வருஷத்துல, நீங்க ஒரு கணக்காவது தப்பாப் போட்டு அவர் பாத்திருக்காரா?"

வாத்தியார் குனிந்து, டீசல் கறை படிந்த தன் சட்டையைப் பார்த்தார்.