தொட்டிச் செடிகள் வாய் மூடிய கதை

செடிகொடிகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு மொட்டைப் பாறையின் மேல் பூவாத்தாள் என்பவள் தன் புருஷன் செங்கோடனோடு குடியிருந்தாள். அங்கே கொத்தி விதைக்க ஒரு பிடி மண் கிடையாது. அதனால் அடிவாரத்து ஏரி வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து, பழைய பானைகளில் நிரப்பி, கத்தரியும் வெண்டையும் அவரையும் எலுமிச்சையும் வளர்த்தாள். அவர்கள் குழம்பில் விழுந்த காயெல்லாம் அந்தப் பானைகளில் காய்த்ததுதான்.

செடிகள் நன்றாகத்தான் வளர்ந்தன. வாய்தான் ஓயவில்லை.

கோழி கூவும் முன்பே கத்தரி ஆரம்பித்துவிடும். "அம்மா, தண்ணி!"

ஊற்றிவிட்டுத் திரும்பினால் அவரைக்கொடி முகத்தைத் தூக்கிக்கொள்ளும். "கத்தரிக்கு ரெண்டு செம்பு, எனக்கு ஒண்ணுதானா?"

"எல்லாருக்கும் ஒரே செம்புதாண்டி ஊத்தினேன்!"

"நான் பாத்துட்டுத்தான் இருந்தேன், ரெண்டு செம்பு" என்று வெண்டை நடுவில் புகுந்து கொளுத்திப் போடும்.

சோற்றில் கை வைத்தால் தண்ணி. தலையைச் சாய்த்தால் தண்ணி. ஏரிக்கும் பாறைக்கும் குடம் சுமந்தே பூவாத்தாளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. இதுகள் வாயை அடைத்தால் போதுமென்று கேட்டபோதெல்லாம் ஊற்றினாள்.

இலைகள் மஞ்சளாயின. "தாகத்துல எப்படி வெளுத்துட்டேன் பாரு" என்று அவரை அழுதது. இன்னும் ஊற்றினாள். இன்னும் வெளுத்தது.

"ஏம்புள்ள, கொஞ்சம் காயத்தான் விடேன்" என்றான் செங்கோடன்.

"நீங்க ஒரு நாள் இதுகளோட இருந்து பாருங்க, அப்பத் தெரியும்!"

மறுநாள் அவரையிடமிருந்து சத்தமே இல்லை. தொட்டதும் கொடி கையோடு வந்தது. வேர் கூழாகி நாறியது. பூவும் பிஞ்சுமாக நின்ற கொடி! பூவாத்தாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணைத் துடைப்பதற்குள் கத்தரி கூப்பிட்டது. "அம்மா, அவரைக்கு வச்சிருந்த தண்ணியையும் எனக்கே ஊத்திரும்மா!"

எங்கிருந்துதான் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. கடப்பாரையை எடுத்தாள். கத்தரிப் பானையைச் சாய்த்து, "நீயும் போய்த் தொலை!" என்று அடியில் ஒரு குத்து விட்டாள்.

பானை உடையவில்லை. ஓட்டைதான் விழுந்தது. அதன் வழியே கறுப்பு கறுப்பாகத் தண்ணீர் கொட்டியது. வீறிட்டு அலறிய கத்தரி, கொஞ்ச நேரத்தில் அடங்கி ஒரு நீண்ட மூச்சு விட்டது.

"அம்மா... மூச்சு வருதும்மா."

பூவாத்தாள் கடப்பாரையோடு மற்றப் பானைகளுக்கும் ஓடினாள். எல்லாவற்றிலும் நாற்றத் தண்ணீர். எல்லாம் வடிந்த பிறகு எலுமிச்சை மெல்லச் சொன்னது: "மூச்சு முட்டினதைத் தாகம்னு நெனச்சுட்டோம். எங்களுக்கே தெரியலம்மா."

"தெரியாததைக் கத்திக் கத்திக் கேட்டீங்க. யோசிக்காம நானும் ஊத்தினேன். அவரை போயிருச்சு" என்றாள் பூவாத்தாள். "இனி ஒருத்தரும் எங்கிட்டத் தண்ணி கேட்கக்கூடாது. மண்ணைத் தொட்டுப் பாத்து நானே ஊத்திக்கறேன்."

செடிகள் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. தாகம் பொறுக்க முடியாதபோது இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்குமே தவிர, வாய் திறப்பதில்லை. தொட்டிக்கு அடியில் ஓட்டை போடுவதும், ஊற்றும் முன் மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.