இலைக்கு முதுகு காட்டியவள்

மலையடி மடத்தில் மத்தியானச் சோற்றுக்கு வரும் சின்னப் பிள்ளைகளின் பந்தியைப் பார்த்துக்கொள்வது பழனியாண்டியின் வேலை. அறுபது தாண்டித் துறவுக்கு வந்தவர். முழங்கால் வலியும் பழைய கோபமும் கூடவே வந்திருந்தன.

கடைசி இலைக்கும் பரிமாறி, குரு தெய்வயானை அம்மாள் "சாப்பிடுங்க" என்று சொல்லும்வரை யாரும் சோற்றைத் தொடக்கூடாது. நாலு வயதுப் பிள்ளைக்கும் அதே வழக்கம்தான்.

ஒரு நாள் பந்தி முடிந்ததும் பழனியாண்டி குருவிடம் போய் நின்றார். அம்மாள் அவரைவிட இருபது வயது இளையவர்.

"அம்மா, மருதாயியை இனிமே வரவேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"என்ன செஞ்சா?"

"அடக்கமே இல்லை. நெளியுறா, முணுமுணுக்கிறா. இலைக்கு முதுகைக் காட்டி உட்காருறா."

"யார் வீட்டுப் பிள்ளை?"

பழனியாண்டி சுவரைப் பார்த்தார். "என் தம்பி பேத்தி. வரப்பை வெட்டி என் நிலத்தைத் தின்னவன் வம்சம். வேற எப்படி இருக்கும்?"

"அடக்கம்னா என்ன பெரியவரே?"

"அசையாம இருக்கிறது. பக்கத்துல இருக்கானே கதிரவன், பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி."

"நாளைக்குக் காலையில கஞ்சி குடிக்காதீங்க. மத்தியானம் அவ பக்கத்துல உட்காருங்க. அப்புறம் சொல்லிடலாம்."

மறுநாள் சர்க்கரைப் பொங்கல். காலையில் கஞ்சி குடிக்காத பழனியாண்டிக்கு நெய் மணம் மூக்கைத் துளைத்தது. வரிசையோ நீளம். அவர் அசையாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது கை போனதென்று தெரியவில்லை. முந்திரி வாய்க்குள் இருந்தது.

"ஐயே, தாத்தா! அம்மா இன்னும் சொல்லவே இல்ல!"

மருதாயி தன் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்திருந்தாள்.

"அதைப் பார்க்காதீங்க. பார்த்தா கை போயிரும். என்னை மாதிரி திரும்பிக்கோங்க. பாட்டு வேணும்னா சொல்லித் தரேன்."

"கதிரவன் திரும்பலையே?"

"அவன் வீட்டுல அஞ்சு இட்லி தின்னுட்டு வருவான்."

"நீ?"

"நேத்து இங்க சாப்பிட்டேன்ல."

பழனியாண்டி மெல்ல முதுகைத் திருப்பி உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது.

பந்தி கலைந்தது. அம்மாள் கேட்டார்: "பிள்ளையை அனுப்பிடலாமா?"

"இருக்கட்டும்மா." போகத் திரும்பியவர் நின்றார். "ஆனா அவ முகத்துல என் தம்பி முகம் தெரியுது. பார்த்ததும் வாயில வசவு வருது. அப்ப நான் என்ன செய்ய?"

"அவகிட்டயே கேளுங்க" என்றார் அம்மாள்.