உழவன் காய் வேண்டாம் என்ற அரசன்

கோளரி மன்னனுக்கு நாட்டை ஆள்வதைவிட நாட்டை வைத்து விளையாடுவதில்தான் ஆசை அதிகம். அந்தக் காலத்து அரசர்கள் நாடாட்டம் என்று ஒன்று ஆடுவார்கள். கட்டம் போட்ட பெரிய துணி. இரண்டு கோடியிலும் இரண்டு தலைநகரம். ஆளுக்கு ஒரு முறை, முறைக்கு ஒரு காய் இறக்கலாம். உழவன் காய் களஞ்சியத்துக்கு நெல் கொண்டுவரும். வீரன், சிற்பி முதலான மற்ற காய்களெல்லாம் அந்த நெல்லைத் தின்னும். நெல் கிடைக்காத காய் வெளியேறும்; காய் தீர்ந்தவர் தோற்றுப்போவார். ஏறக்குறைய நிஜ நாடு மாதிரிதான். துணியில் தோற்றால் மடித்து வைத்துவிடலாம் என்பதுதான் வித்தியாசம்.

மடித்து வைக்க முடியாதபடி கோளரி ஒரு காரியம் செய்தான். பக்கத்து நாட்டு வேங்கைமாறனோடு ஆட ஒப்புக்கொண்டு, கீழைப் பேரேரியைப் பந்தயம் வைத்துவிட்டான். அந்த ஏரித் தண்ணீரை நம்பியிருந்த ஊர்களை யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

அரசவையில் விகடம் பேசிப் பிழைத்துவந்தவன் தத்தன். அவன் பிறந்த ஊர் அந்த ஏரியின் கரையில்தான் இருந்தது. அவனுடைய அக்காள் இன்னும் அங்கே நாற்று நட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்று ஆலோசனை கூடியது.

"முதலில் வீரர்கள்," என்றார் தளபதி மழவராயர். "அடுத்து வீரர்கள். அதற்கப்புறம் நிலைமையைப் பார்த்து, வீரர்கள்."

"கோபுரம் வேண்டாமா?" என்றார் அமைச்சர் சேந்தனார். "கோபுரமில்லாத ஊரை எதிரி எப்படி மதிப்பான்?"

"முதலில் இரண்டு உழவன் காய்களை இறக்குவோம், அரசே," என்றான் தத்தன்.

மழவராயர் சிரித்தார். "சேற்றுப் புத்தி எங்கே போகும்?"

அரசன் உழவன் காயை எடுத்துப் பார்த்தான். "குனிந்தபடி செதுக்கித் தொலைத்திருக்கிறார்கள். பார்க்கவே சகிக்கவில்லை. என் தலைநகரத்தில் இது வேண்டாம். தத்தா, உழவனில்லாமல் ஜெயிக்க ஒரு வழி சொல். முடியாவிட்டால் மூட்டையைக் கட்டு."

"ஆகட்டும், அரசே. மரக்காய்க்குப் பசிக்காது, அதை வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முற்றத்தில் கட்டம் போட்டு, ஆட்களையே காயாக நிறுத்தி ஒத்திகை பார்ப்போம். இந்தக் கோடியில் தலைநகரமாக நீங்கள். தளபதி வீரன். அமைச்சர் கோபுரம் கட்டட்டும். நான் எதிர்க்கோடியில் வேங்கைமாறன். ஒரு வேளைச் சாப்பாடு ஒரு முறை. உழவன் ஒருவனுக்கு வேளைக்கு ஒரு பானைச் சோறும் குழம்பும் அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து வரும். அதுதான் விளைச்சல்."

தானே தலைநகரம் என்றதுமே அரசனுக்குப் பிடித்துப்போயிற்று. மழவராயருக்கு மட்டும் சந்தேகம்.

"இவன் ஏதாவது தில்லுமுல்லு செய்வான், அரசே. களஞ்சியத்தில் இல்லாததை எவன் கொடுத்தாலும், எவன் தின்றாலும் சவுக்கடி என்று முத்திரை போட்டு அறிவியுங்கள்."

"நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன்," என்றான் தத்தன்.

அறிவிப்பு போயிற்று. உழவர் பானைக்குத் தவிர மடைப்பள்ளிக் கதவு சாத்தப்பட்டது. பக்கத்துக்கு ஒரு பானைச் சோற்றுக் கையிருப்போடு ஒத்திகை தொடங்கியது.

காலையில் அரசன் பக்கத்தில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். மதியம் ஆளுக்கு ஒரு கவளம். மாலையில் பானையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்கள். எதிர்க்கோடியில் தத்தன் தோட்டக்காரர்களை உழவர்களாக நிறுத்தியிருந்தான். காலையில் அவர்களுக்குக் கஞ்சிதான். மதியம் சோறு. மாலையில் இலை போட்டு, உழவர்களுக்கு முதலில் பரிமாறிவிட்டுத் தானும் உட்கார்ந்தான்.

"தத்தா, அது என்ன வாசனை?" என்றான் அரசன்.

"கத்தரிக்காய்க் குழம்பு, அரசே. எங்கள் நாட்டில் இந்த முறை விளைச்சல் பரவாயில்லை."

"படையெடுக்கிறேன்," என்று எழுந்தார் மழவராயர்.

"தாராளமாக. முறைக்கு ஒரு கட்டம்தான் நகரலாம். நடுவில் ஏழெட்டுக் கட்டம் கிடக்கிறது. மெதுவாக வாருங்கள், ஐயா."

தளபதி ஒரு கட்டம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். கோபுரத்துக்குக் கல் தூக்கிக்கொண்டிருந்த சேந்தனார் அந்தக் கல்லின்மேலேயே சாய்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் மழவராயர் இடுப்பு வாளை அவிழ்த்துத் தரையில் வைத்தார்.

"அரசே, என்னை உழவனாக மாற்றிவிடுங்கள்."

"அதை நான் முதலில் கேட்க இருந்தேன்," என்றார் சேந்தனார்.

"நீர் கல்லைக் கட்டிக்கொண்டு அழும், ஐயா."

"உமக்கு ஏர் எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியுமா?"

"இரண்டு பேரும் உழவர்கள்தான்," என்று அரசன் அதட்டினான். "தத்தா, பானையைக் கொண்டுவரச் சொல்."

"மாறலாம், அரசே. ஆனால் விதைத்த உடனே விளையாது. சோறு அடுத்த வேளைக்குத்தான்."

"அதுவரைக்கும்?"

"ஏரிக்கரையில் விளைச்சல் இல்லாத காலத்தில் என்ன செய்வார்களோ, அதைச் செய்யவேண்டியதுதான்."

"என்ன செய்வார்கள்?"

"உங்களுக்கு வரி கட்டுவார்கள்."

அரசன் காலிப் பானையை இன்னொரு முறை கவிழ்த்துப் பார்த்தான்.

நிஜ ஆட்டம் வந்தது. கோளரி முதலில் உழவனை இறக்கினான். அடுத்ததும் உழவன். "இன்னொரு உழவனை வையுங்கள், அரசே," என்று காதில் ஓதியவர் மழவராயர். வேங்கைமாறன் யானையும் வீரனும் கோபுரமுமாக இறக்கினான். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. நெல் தீர்ந்ததும் அவையெல்லாம் ஒவ்வொன்றாகத் துணியைவிட்டு வெளியேறின. ஏரி தப்பியது.

"என்ன பரிசு வேண்டும், கேள்," என்றான் அரசன்.

"இனிமேல் உங்களுக்குச் சொந்தமானதை மட்டும் பந்தயம் வைக்கவேண்டும், அரசே."

"அவ்வளவுதானா? சரி, அடுத்த ஆட்டத்துக்கு எதை வைக்கலாம்? நீயே சொல்."

தத்தன் கிரீடத்தைப் பார்த்தான். சிங்காதனத்தைப் பார்த்தான். மண்டபத்துத் தூண்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான்.

"நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன், அரசே. ஒன்றும் அகப்படவில்லை."

அரசன் ஒரு கணம் விழித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அப்படியானால் இனிப் பந்தயமே கிடையாது," என்று சொல்லி, கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தத்தனிடம் நீட்டினான். "இந்தா, என் பரிசு."

தத்தன் குனிந்து வாங்கிக்கொண்டான்.

"சரி, அரசே. ஏரிக்கரைக்குத்தான் போகிறேன். உரியவர்களிடம் சேர்த்துவிடுகிறேன்."